இன்ஜின் நிக்குதா, லைட் மினுக்குதா? மாடல் ரயில் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மாடல் ரயில் இன்ஜின் நின்றுபோனால் நம்மில் பலருக்கும் கை முதலில் போவது திருப்புளிக்குத்தான். பாடியைக் கழற்றி, உள்ளே நாலு வயரை இழுத்துப் பார்த்து, கடைசியில் பழைய கோளாறோடு புதுசாக ஒன்றையும் சேர்த்துவிடுவோம். ஆனால் பாதிக்கு மேல் கோளாறுகள் இன்ஜினுக்குள் இருப்பதே இல்லை. தண்டவாளத்தில், சக்கரத்தில், கன்ட்ரோலரில், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினரில்தான் இருக்கும். எங்கே என்று காட்டிக்கொடுக்க இன்ஜினிலேயே ஒரு டெஸ்டர் பொருத்தித்தான் தருகிறார்கள். அதுதான் ஹெட்லைட்.

கரண்ட் போகும் பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரிலிருந்து தண்டவாளம், அங்கிருந்து சக்கரம், சக்கரத்தின் முதுகில் உரசும் மெல்லிய பிக்கப் தகடு, வயர், உள்ளே இருக்கும் சின்ன போர்டு. இதுவரை மோட்டாருக்கும் லைட்டுக்கும் ஒரே வழி. போர்டில்தான் இரண்டாகப் பிரிகிறது. ஆக, லைட் எரிந்து மோட்டார் ஓடவில்லை என்றால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் சந்தேகப்படத் தேவையில்லை. இரண்டும் சேர்ந்து செத்திருந்தால் இன்ஜினைத் திறக்கவே தேவையில்லாமல் போகலாம். ஈரோடு லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் பெரியப்பா நிஜ இன்ஜினுக்குச் சொல்வதும் இதேதான்: "கரண்ட் எதுவரைக்கும் வருதுன்னு மொதல்ல பாரு கண்ணு. எங்க நிக்குதோ அங்கதான் நமக்குச் சோலி."

உங்களுடையது எந்த வகை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாதா டி.சி. என்றால் தண்டவாளத்தில் 0 முதல் 12 வோல்ட் வரை கூடிக் குறையும்; முன்னே போவதும் பின்னே போவதும் பிளஸ், மைனஸ் மாறுவதால். டி.சி.சி., அதாவது டிஜிட்டல் முறையில் இன்ஜினுக்கு உத்தரவு அனுப்பும் வகை என்றால் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும், எச்.ஓ. (HO) என்ற மாடல் அளவுக்குச் சுமார் 14 முதல் 16 வரை. அந்த உத்தரவைப் படித்து, இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர்தான் மோட்டாரையும் லைட்டையும் நடத்தும். கீழே சொல்வது பெரும்பாலும் எச்.ஓ. மற்றும் ஓஓ (OO) அளவு இன்ஜின்களை வைத்து. இரண்டுக்கும் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. தான். 9 மி.மீ. அகலமுள்ள 'என்' (N) அளவுக்கும் இதே முறை பொருந்தும், கைதான் இன்னும் மெதுவாக வேலை செய்ய வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர் (மலிவானதே போதும்), 9 வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டு வயர், பட்ஸ், மொபைல் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் ஐசோபிரொபைல் ஆல்கஹால், ட்வீசர், நல்ல வெளிச்சம்.

லைட்டும் இல்லை, ஓட்டமும் இல்லை

வேறொரு இன்ஜினை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். அது ஓடினால் கோளாறு முதல் இன்ஜினில். அதுவும் ஓடாவிட்டால் இன்ஜினை அலமாரியில் வைத்துவிட்டுத் தண்டவாளத்துக்கு வாருங்கள். மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்டில் வைத்து இரண்டு தண்டவாளத்திலும் முனைகளை வையுங்கள். கன்ட்ரோலரைத் திருகும்போது எண் ஏற வேண்டும். டி.சி.சி. என்றால் மீட்டரை ஏ.சி.யில் வைத்துப் பார்க்க வேண்டும். அது சதுர அலை என்பதால் சாதா மீட்டர் காட்டும் எண் அச்சு அசலாக இருக்காது. ஏதோ வருகிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

தண்டவாளத்தில் ஒன்றும் வரவில்லையென்றால் கன்ட்ரோலரின் வெளிவரும் முனையில் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் அடாப்டர். நம் பக்கம் இதற்குத் தனிக் கதை உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை பேரனுக்கு ரயில் செட் வாங்கி வருவார். அதோடு வரும் டிரான்ஸ்பார்மர் 120 வோல்டுக்கானது. நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகினால் சற்று நேரத்தில் சூடாகி, வாடை வந்து, செத்துப்போகும். அடாப்டரின் முதுகில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை, பிளக் மாற்றி மட்டும் போதும். '120' என்று மட்டும் இருந்தால் சொருகவே வேண்டாம்; அதே வெளிவரும் வோல்ட்டும் ஆம்பியரும் உள்ள, நம்மூர் கரண்டுக்கான அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிவருவது ஏ.சி.யா டி.சி.யா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

தண்டவாளத்தில் கரண்ட் இருக்கிறது, இந்த இன்ஜின் மட்டும் கல் போல நிற்கிறது என்றால், சாதா டி.சி. இன்ஜினைத் தலைகீழாகப் பிடித்து 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு வயரையும் இரு பக்கச் சக்கரங்களில் தொட்டுப் பாருங்கள். ஒரு ஜோடிச் சக்கரத்தில் வேலை செய்து இன்னொரு ஜோடியில் செய்யாவிட்டால், செய்யாத பக்கத்துப் பிக்கப் தகடு சக்கரத்தை விட்டு விலகியிருக்கிறது, அல்லது அதன் வயர் ஈயம் விட்டிருக்கிறது. எந்தச் சக்கரத்திலும் இல்லையென்றால்தான் பாடியைக் கழற்றும் வேளை.

எலக்ட்ரிக் இன்ஜின் மாடல் என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். ஐரோப்பாவில் செய்த பழைய மாடல்கள் பலவற்றில் கரண்டைத் தண்டவாளத்திலிருந்து எடுப்பதா, கூரையில் மேல்கம்பியைத் தொடும் பாண்டோகிராஃப் வழியாக எடுப்பதா என்று தீர்மானிக்க ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கூரையிலோ, பாடிக்கு உள்ளேயோ இருக்கும். குழந்தை கையில் பட்டு அது மேல்கம்பிப் பக்கம் திரும்பியிருந்தால், தண்டவாளத்தில் எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் இன்ஜின் அசையாது. செகண்ட் ஹேண்டில் 'டெட் கண்டிஷன்' என்று மலிவாக வரும் எலக்ட்ரிக் இன்ஜின்களில் இதை முதலில் பார்த்துவிடுவது லாபம்.

டி.சி.சி. என்றால் முகவரிதான், அதாவது கன்ட்ரோலர் அந்த இன்ஜினைக் கூப்பிடும் எண்தான் முதல் சந்தேகம். புது டிகோடருக்கு முகவரி 3. பழையது வாங்கினால் முந்தைய ஆள் என்ன எண் வைத்தாரோ! டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் தனியாக ஒதுக்கிய புரோகிராமிங் டிராக்கில் வைத்துப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால், பல கம்பெனி டிகோடர்களில் சி.வி. 8-ல் (சி.வி. என்பது டிகோடருக்குள் இருக்கும் அமைப்பின் எண்) 8 என்று எழுதினால் பழைய நிலைக்குத் திரும்பி முகவரி 3 ஆகிவிடும். உங்கள் டிகோடருக்கு அதுதானா என்று அதன் தாளில் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். சி.வி. 19-ல் ஏதாவது எண் உட்கார்ந்திருந்தாலும் இன்ஜின் தன் சொந்த முகவரிக்கு ஓடாது, ஏனென்றால் யாரோ அதை ஜோடி இன்ஜினாகச் சேர்த்துவிட்டுப் பிரிக்க மறந்திருக்கிறார்கள். அங்கே 0 போடுங்கள்.

தண்டவாளத்தில் வைத்ததுமே கன்ட்ரோலர் கட் ஆகிறது

ஷார்ட். இன்ஜினை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் கட் ஆனால் தண்டவாளத்தில் தேடுங்கள்: கிடக்கும் திருப்புளி, குண்டூசி, தடம் புரண்டு குறுக்கே நிற்கும் பெட்டியின் இரும்புச் சக்கரம். வளையம் போட்டு வந்த வழியே திரும்பிச் சேரும் தண்டவாளமும் இரு தண்டவாளக் கரண்டையும் ஒன்றோடொன்று மோதவிடும். அதற்கு இரண்டு பக்கமும் இடைவெளி வெட்டித் தனிக் கரண்ட் கொடுக்க வேண்டும்.

இன்ஜினை வைத்தால் மட்டும் ஷார்ட் என்றால், சமீபத்தில் பாடியைத் திறந்து மூடினீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூடும்போது வயர் ஒன்று சேசிஸுக்கும் (அடிச்சட்டம்) பாடிக்கும் நடுவே நசுங்கியிருக்கும். சக்கர ஜோடிகளில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் இன்சுலேஷன் இருக்கும் வகை என்றால், கழற்றித் துடைத்துவிட்டுத் திருப்பி மாட்டியிருந்தாலும் இதே கதிதான்.

திருப்பூர்க்காரர்களுக்கு ஒன்று. பனியன் ஏற்றுமதி வேலையாக ஜெர்மனி போய் வருகிறவர்கள் ஆசையாக வாங்கி வருவது பல நேரம் மார்க்லின் கம்பெனி ரயில். அதன் எச்.ஓ. ஏ.சி. இன்ஜின்கள் நடுவில் மூன்றாவது தொடர்புள்ள தண்டவாளத்துக்கானவை. சக்கரங்களுக்கு இடையே இன்சுலேஷன் கிடையாது. நம் இரண்டு தண்டவாளச் செட்டில் வைத்தால் அது கோளாறாகத் தெரியும். உண்மையில் அது அப்படித்தான் செய்யப்பட்டது. அதற்குரிய தண்டவாளமும் கன்ட்ரோலரும் தனியாக வேண்டும்.

லைட் மினுக்குகிறது, இன்ஜின் திக்கித் திக்கிப் போகிறது

நம் ஊரில் அதிகம் வரும் கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் அறிகுறி மோட்டாரில் தெரியாது, லைட்டில்தான் தெரியும். மோட்டாரின் இரு பக்கமும் ஃபிளைவீல் வைத்த இன்ஜின் என்றால், கரண்ட் ஒரு கணம் விட்டாலும் அந்தச் சுழலும் எடை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பழைய குண்டு பல்பின் இழையும் உடனே அணையாது. எல்.இ.டி.தான் கணம் விட்டாலும் காட்டிக்கொடுக்கும். ஓட்டம் வழுவழுப்பாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். எல்.இ.டி. மினுக்க ஆரம்பித்தால் சீக்கிரமே இன்ஜின் நிற்கப் போகிறது.

மெதுவாக ஓடும்போது விரல் நுனியால் கூரையை லேசாக அழுத்துங்கள். மினுக்கல் நின்றால் தொடர்பு சரியில்லை. அழுக்கோ, விலகிய பிக்கப்போ. அழுத்தியும் மினுக்கினால் வயர் எங்காவது விட்டு விட்டுத் தொடுகிறது. எப்போதும் ஒரே இடத்தில் மட்டும் மினுக்கினால் அந்த இடத்துத் தண்டவாளம், லேஅவுட் (போட்டிருக்கும் தண்டவாள அமைப்பு) முழுக்க மினுக்கினால் இன்ஜின்.

அழுக்கு மூன்று இடத்தில் சேரும். தண்டவாளத்தின் மேல்புறம், சக்கரத்தின் ஓடும் பரப்பு, பிக்கப் தகடு உரசும் சக்கர முதுகு. மூன்றில் இரண்டை மட்டும் துடைத்தால் மூன்றாவது மறுபடி இரண்டையும் கெடுத்துவிடும்.

தண்டவாளத்தை மைக்கா அட்டைத் துண்டில் சுற்றிய துணியில் ஆல்கஹால் நனைத்துத் துடைக்கலாம். கறை விடாத இடத்தில் பென்சில் ரப்பர் நன்றாக வேலை செய்யும், துகளை மட்டும் ஊதிவிடுங்கள். எமரி பேப்பர், ஸ்டீல் வுல் வேண்டவே வேண்டாம். எமரி போடும் கீறல்களில் அடுத்த அழுக்கு இன்னும் வேகமாக உட்காரும். ஸ்டீல் வுல்லின் இழைகளை மோட்டாரின் காந்தம் இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். கணபதி, பீளமேடு, ஆவாரம்பாளையம் பக்கம் கீழ்த்தளத்தில் லேத் பட்டறையும் மாடியில் வீடும் இருப்பவர்கள் ஸ்டீல் வுல்லைத் தொடாமலேயே இந்தத் தொல்லையை அனுபவிக்கலாம். செருப்பில் ஒட்டி மாடியேறும் இரும்புத் துகள் போதும். ஒரு காந்தத்தைப் பேப்பரில் சுற்றித் தண்டவாளத்தின் மேல் இழுத்துப் பாருங்கள்; பேப்பரில் கருப்பு மயிர் போல ஒட்டினால் தெரிந்துகொள்ளலாம்.

துணி விஷயத்தில் நாம்தான் ஏமாறுவோம். பட்டறை, வீடு எங்கும் துடைக்க பனியன் வேஸ்ட்தான். கையடக்கமாக, மலிவாகக் கிடைக்கும். ஆனால் வெட்டுத் துணி ஓரமெல்லாம் நூல் பிரிந்து பஞ்சு விடும். அந்தப் பஞ்சு எண்ணெய் பட்ட அச்சில் சுற்றிக்கொண்டு, பிக்கப்பைச் சக்கரத்திலிருந்து நெட்டித் தள்ளும். நூற்பு மில், பனியன் கம்பெனி அருகே குடியிருந்தால் துடைக்காமலேயே பஞ்சு வரும். ஓரம் அடித்த பழைய வேட்டித் துணியோ, கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபரோ நல்லது. அச்சில் சுற்றிய பஞ்சை ட்வீசரால் இழுக்காதீர்கள். இழுத்தால் பல்சக்கரத்துக்குள் இன்னும் இறுகும். கூர்மையான பிளேடின் நுனியால் சுற்றை ஒரு இடத்தில் அறுத்துவிட்டு எடுங்கள்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காற்றுக்கு உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை சுற்றுகிறது; அதே காற்று ஜன்னல் வழியே செம்மண் தூசியையும் கொண்டுவந்து லேஅவுட் மேல் போடும். அந்த இரண்டு மூன்று மாதங்களில் ஓட்டாத நேரம் ஒரு பழைய போர்வையை மூடி வைப்பது, வாரம் ஒருமுறை துடைப்பதைவிடச் சுலபம்.

சக்கரத்தைத் துடைக்க நல்ல உபாயம் ஒன்று. நனைத்த துணியைத் தண்டவாளத்தின் குறுக்கே போடுங்கள். இன்ஜினின் பாதி துணியில், பாதி வெறும் தண்டவாளத்தில் நிற்கட்டும். பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுத்தால் துணியில் உள்ள சக்கரங்கள் சுற்றித் தாமே சுத்தமாகும். பிறகு திருப்பி அடுத்த பாதி. முதுகுப் பக்கத்துக்கு பட்ஸ். பிக்கப் தகடு தளர்ந்திருந்தால் மரக்குச்சியால் சக்கரத்தை நோக்கி முடியளவு வளையுங்கள். அதிகம் வளைத்தால் சக்கரத்துக்கு பிரேக் ஆகிவிடும்.

ரப்பர் டயர் போட்ட சக்கரம் கரண்ட் எடுக்காது. அதனால் அந்த ஜோடியை எவ்வளவு துடைத்தாலும் மினுக்கல் போகாது. பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு எடுக்கும் திரவம் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள்; பாடி பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும்.

எல்லாம் சுத்தம், ஆனாலும் கன்ட்ரோலருக்குத் தொலைவில் போகும்போது லைட் மங்கி ஓட்டம் தளர்கிறதா? ஜாயினர்கள் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடுகின்றன. ஒரு இன்ஜின் ஓடும்போதே தொலைவு முனையில் வோல்ட் பாருங்கள். அருகில் இருப்பதைவிடக் கணிசமாகக் குறைந்தால், ஜாயினரை நம்பாமல் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு ஜோடி வீதம் தண்டவாளத்தில் நேரடியாக வயர் வைத்து ஈயம் போடுங்கள். ஒருமுறை செய்தால் பல வருடத்துக்கு வெசனமில்லை.

லைட் எரிகிறது, இன்ஜின் ஓடவில்லை

டி.சி.யில் கன்ட்ரோலரை மெல்லத் திருகும்போது எல்.இ.டி. சுமார் 3 வோல்டிலேயே விழித்துக்கொள்ளும். மோட்டார் இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் புறப்படும். அதுவரை கோளாறில்லை. பாதிக்கு மேல் திருகியும் அசையவில்லை என்றால், அந்த நேரத்தில் லைட்டையே கவனியுங்கள். திருகத் திருக லைட் மங்கினால், அல்லது கன்ட்ரோலர் கட் ஆனால், மோட்டார் இறுகிப்போய் கரண்டை அள்ளி இழுக்கிறது. லைட் மேலும் பளிச்சென்று எரிந்து மோட்டாரிலிருந்து ஒரு முனகல்கூட இல்லையென்றால், மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. முதலாவதென்றால் பல்சக்கரம், எண்ணெய்ப் பிசின், சிக்கிய பஞ்சு. இரண்டாவதென்றால் வயர், பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் துண்டு), காயில். கட் ஆகும்படி அதிக நேரம் வைத்திருக்காதீர்கள்.

இறுகியதற்கு நம் வீடுகளில் முதல் காரணம் தேங்காய் எண்ணெய். கதவுக் கீலிலிருந்து தையல் மிஷின் வரை அது கை கொடுக்கும் என்ற நம்பிக்கையில் இன்ஜினுக்கும் விட்டுவிடுவார்கள். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியற்காலையில் கோயமுத்தூரிலோ பொள்ளாச்சியிலோ அது கெட்டி மெழுகு. பிறகு தூசியோடு சேர்ந்து பழுப்புப் பிசினாகும். ஆல்கஹால் தொட்ட பட்ஸால் பல் பல்லாகத் துடைத்தெடுத்து, பிளாஸ்டிக்குக்கு ஒத்துவரும் லேசான எண்ணெயை இன்சுலின் ஊசியால் பேரிங்குக்கு ஒரு துளி, வார்ம் கியருக்கு அதேபோல் பிளாஸ்டிக்குக்கான கிரீஸ் கடுகளவு. ஒரு துளி என்றால் ஒரு துளிதான். மிச்சம், பிரஷ் உரசும் கம்யூட்டேட்டருக்கும் சக்கரத்துக்கும் வழிந்து, துடைத்ததெல்லாம் வீண்.

மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை என்றால் பாடியைக் கழற்றுங்கள். டிகோடர் இருந்தால் மோட்டார் வயரை அதிலிருந்து பிரித்த பிறகே பேட்டரியைத் தொடுங்கள். பிரிக்காமல் வைத்தால் டிகோடர் போய்விடும். 9 வோல்ட் பேட்டரியை மோட்டாரின் இரு முனையிலும் நேராக வைத்ததும் சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. வழியில்தான் ஈயம் விட்டிருக்கிறது, அல்லது டிகோடரின் மோட்டார் பக்கம் போய்விட்டது. சுற்றவில்லை என்றால் ஃபிளைவீலை விரலால் கொஞ்சம் தள்ளிவிடுங்கள். தள்ளினால் ஓடி, நின்றால் மறுபடி தள்ள வேண்டியிருந்தால் பிரஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது கம்யூட்டேட்டரின் ஒரு துண்டு தொடர்பு விட்டிருக்கிறது. பிரஷ் கழற்றும் வகை மோட்டார் என்றால் ஸ்பிரிங் தெறித்து ஓடிவிடும். ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை பாருங்கள். கம்யூட்டேட்டரை ஆல்கஹால் பட்ஸால் துடைத்து, துண்டுகளுக்கு இடையே உள்ள கரியைப் பல் குத்தும் குச்சியால் எடுங்கள்.

பம்ப் செட் மோட்டாருக்கு ஊரெல்லாம் காயில் கட்டும் கடை இருக்கிறதே, இதையும் அங்கே கொடுத்தால் என்ன என்று தோன்றும். இந்த மோட்டாரின் கம்பி தலைமயிர் அளவு. பார்த்ததும், "இதுக்குப் புதுசே வாங்கிக்குங்ணா" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான். காயில் எரிந்த சின்ன மோட்டாரை மாற்றிவிடுவதே செலவு குறைவு.

மோட்டார் சத்தம் வருகிறது, வண்டி நகரவில்லை. அல்லது டக் டக்கென்று குதித்துப் போகிறது

சத்தம் மட்டும் வந்தால் மோட்டாருக்கும் சக்கரங்கள் பொருத்திய போகிக்கும் நடுவே உள்ள தண்டு கழன்றிருக்கிறது. பெரும்பாலும் உடையாது, குழியிலிருந்து விலகியிருக்கும்; அழுத்தினால் உட்காரும்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போதெல்லாம் ஒருமுறை 'டக்' என்றால், அச்சில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் பிளந்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு மயிரிழைக் கோடு தெரியும். ஒட்டுப் பசை நிற்காது. புதுப் பல்சக்கரம்தான். மாட்டிய பிறகு சக்கரங்களின் உள்முதுகு இடைவெளியைச் சரிபாருங்கள். எச்.ஓ.வுக்குச் சுமார் 14.4 மி.மீ. குறைந்தாலும் கூடினாலும், தண்டவாளம் இரண்டாகப் பிரியும் பாயிண்டில் ஏறி இறங்கும்.

ஓடுகிறது, லைட் மட்டும் இல்லை

டி.சி.சி. என்றால் முதலில் கன்ட்ரோலரில் லைட்டுக்கான எஃப் 0 பொத்தானை அழுத்துங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும்.

எஃப் 0 போட்டும் இல்லை, டிகோடர் நீங்களே சொருகியது என்றால், 8 முள் பிளக் தலைகீழாக இருக்க வாய்ப்பு அதிகம். எட்டு முள் பிளக்கை இரண்டு பக்கமும் சொருக முடியும். தலைகீழானால் தண்டவாள வயர்கள் இடம் மாறும், அது பாதிக்காது. மோட்டார் வயர்கள் இடம் மாறும், அதனால் இன்ஜின் எதிர்த் திசையில் ஓடும். ஆனால் லைட்டுகளுக்குப் பொதுவான நீல வயரின் இடத்தில் பச்சை வயர் வந்துவிடுவதால் லைட் மட்டும் செத்திருக்கும். 'எதிர்ப் பக்கம் ஓடுது, லைட் இல்லை' என்று இரண்டும் சேர்ந்து வந்தால் வேறெதுவும் தேட வேண்டாம். பிளக்கைத் திருப்பிச் சொருகுங்கள்.

வயரின் நிறங்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது: சிவப்பும் கருப்பும் தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன் லைட், மஞ்சள் பின் லைட், நீலம் இரண்டுக்கும் பொதுவான பிளஸ். முன்னும் பின்னும் இரண்டுமே இல்லையென்றால் நீலத்தைப் பாருங்கள். ஒன்று மட்டும் இல்லையென்றால் அதற்குரிய வயரும் எல்.இ.டி.யும்.

எல்.இ.டி. உயிரோடு இருக்கிறதா என்று மல்டிமீட்டரின் டயோடு நிலையில் பார்க்கலாம். ஒரு பக்கம் மங்கலாக எரியும், திருப்பி வைத்தால் எரியாது. வெள்ளை எல்.இ.டி.க்கு 3 வோல்ட் அளவு தேவைப்படுவதால் சில மலிவு மீட்டர்கள் அதை எரிக்காது. சிவப்பு, மஞ்சளுக்கு 2 வோல்ட் போதும். புது எல்.இ.டி. போட்டால் ரெசிஸ்டர் இல்லாமல் போடாதீர்கள். 12 வோல்டில் வெள்ளை எல்.இ.டி.க்கு 1000 ஓம் வைத்தால் மிச்சமாகும் 9 வோல்ட் ரெசிஸ்டரில் விழுந்து 9 மில்லி ஆம்பியர் ஓடும். டி.சி.சி.யின் 15 வோல்டில் 12 மில்லி ஆம்பியர். இரண்டும் பாதுகாப்பு. கடையில் கால் வாட், பழுப்பு, கருப்பு, சிவப்பு கோடு போட்டது என்று கேளுங்கள். கண்ணைக் கூசும் நீல வெளிச்சம் வேண்டாம் என்றால் 'வார்ம் ஒயிட்' கேட்டு வாங்குங்கள். பழைய டீசல் இன்ஜினின் முகத்துக்கு அதுதான் பொருந்தும்.

குண்டு பல்பை எல்.இ.டி.யாக மாற்றுவது எனக்கு எப்போதும் நல்ல யோசனையாகவே படுகிறது. டி.சி.சி.யில் முழு வோல்டும் எப்போதும் இருப்பதால் 12 வோல்ட் பல்ப் அளவுக்கு மேல் சூடாகும். பாடியின் நெற்றியில் பிளாஸ்டிக் குமிழ் விட்டிருப்பதைப் பல பழைய மாடல்களில் பார்க்கலாம்.

சில மாடல்களில் வயரே இருக்காது. பாடியில் உள்ள லைட் போர்டின் தகடு, சேசிஸில் உள்ள தகட்டைத் தொடும். பாடியைச் சரியாக உட்கார வைக்காவிட்டால் லைட் எரியாது. லைட் தேடுவதற்கு முன் பாடியை நாலு மூலையிலும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

தப்பான பக்கம் எரிகிறது, வெளிச்சம் பாடி வழியே கசிகிறது

நம் ரயில்வேயின் டபிள்யூ.டி.எம். டீசல் போன்ற மாடலில் நீள மூக்கு முன்னால் ஓடுவதும் உண்டு, குட்டை மூக்கு முன்னால் ஓடுவதும் உண்டு. எது 'முன்' என்று நீங்களே தீர்மானியுங்கள். டி.சி.சி.யில் சி.வி. 29-ன் மதிப்போடு 1 கூட்டினால் ஓட்டமும் லைட்டும் சேர்ந்து திரும்பும். ஓட்டம் சரி, லைட் மட்டும் மாறி எரிகிறது என்றால் வெள்ளை, மஞ்சள் வயர்களை மாற்றி ஈயம் போடுங்கள்.

வெளிச்சம் கசிந்தால் பாடியின் உள்புறம் கருப்பு அக்ரிலிக் பெயிண்ட். அலுமினிய டேப் ஒட்டும் பழக்கம் வேண்டாம். அது போர்டில் பட்டால் ஷார்ட்.

வேகம் கூட்டக் கூட்ட லைட் அணைந்து அணைந்து எரிகிறது

டி.சி.சி.யில் மட்டும் வரும் விநோதம். வேகத்தின் ஒவ்வொரு படிக்கும் லைட் மாறி மாறி எரியும், எஃப் 0 அழுத்தினால் பயனில்லை. வயரைத் தொடாதீர்கள். கன்ட்ரோலர் 28 படியில் பேசுகிறது, டிகோடர் 14 படியில் கேட்கிறது. 14 படி முறையில் லைட்டுக்கு என்று ஒதுக்கிய இடத்தை 28 படி முறை வேகத்தின் கடைசி இலக்கத்துக்குப் பயன்படுத்துகிறது. அதனால் டிகோடர் வேகத்தை லைட் உத்தரவு என்று நினைத்துக்கொள்கிறது. சி.வி. 29-ல் குட்டை முகவரிக்கு 6, நீள முகவரிக்கு 38 எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். திசை திருப்பி வைத்திருந்தால் அவை 7, 39.

பாயிண்டில் மட்டும் நிற்கிறது

சின்ன ஷண்டிங் இன்ஜின்களுக்கு வரும். பாயிண்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் நடுமூக்கு பிளாஸ்டிக் என்றால் அங்கே கரண்ட் கிடையாது. சக்கரங்கள் அருகருகே இருக்கும் இன்ஜினின் பிக்கப் அத்தனையும் அந்தச் செத்த இடத்தில் ஒரே நேரத்தில் சிக்கும். வேகமாகத் தாண்டிவிடலாம், அல்லது மூக்குக்குக் கரண்ட் கொடுக்கும் வகைப் பாயிண்ட் போடலாம். அந்த வகை போட்டால் மூக்கைத் தாண்டிய தண்டவாளங்களில் பிளாஸ்டிக் ஜாயினர் போட மறக்காதீர்கள். மறந்தால் மேலே சொன்ன ஷார்ட் கதைதான்.

சூடு, கருகல் வாடை

உடனே கரண்டை நிறுத்துங்கள். டிகோடர் இல்லாத டி.சி. இன்ஜினை டி.சி.சி. தண்டவாளத்தில் வைத்தால் நிற்கும்போதே 'ஙீ' என்று சத்தம் போட்டுச் சூடாகும். இரும்புக் கரு இல்லாத கோர்லெஸ் மோட்டார் என்றால் சீக்கிரமே கருகிவிடும். டிகோடர் புதிதாகப் போட்டதும் வாடை வந்தால், மோட்டாரின் ஒரு முனை சேசிஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. டிகோடரைப் போடுவதற்கு முன் மோட்டாரின் இரண்டு முனைக்கும் சேசிஸுக்கும், சக்கரத்துக்கும் தொடர்பில்லை என்று மீட்டரின் பீப் நிலையில் பார்த்துவிட வேண்டும். இதைத் தவிர்க்க வழியே கிடையாது.

ஏற்றத்தில் சக்கரம் சுற்றுகிறது, வண்டி ஏறவில்லை

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயிலை வீட்டில் கட்ட ஆசைப்படாத ஆள் நம் பக்கம் குறைவு. கல்லாறு முதல் குன்னூர் வரை அந்தப் பாதை ஏறுவது சுமார் 8 சதவீதச் சரிவு. அங்கே நடுவில் பல் தண்டவாளம் இருப்பதால்தான் ஏறுகிறது. பல் தண்டவாளம் இல்லாத மாடல் இன்ஜினை அந்தச் சரிவில் விட்டு 'மோட்டார் வீக்' என்று திட்டுவது நியாயமில்லை. 2 முதல் 3 சதவீதத்துக்குள், அதாவது ஒரு மீட்டருக்கு 2 அல்லது 3 செ.மீ. ஏற்றத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதிலேயே வழுக்கினால் ரப்பர் டயரைப் பாருங்கள். எண்ணெய் பட்டால் உப்பித் தளரும், வெயிலில் வைத்த அலமாரியில் காய்ந்து வெடிக்கும். உப்பிய டயரை மாற்றுங்கள், வெட்டி ஒட்டாதீர்கள்.

திறந்து வேலை பார்த்த இன்ஜினைப் பாடி மாட்டாமலேயே முதலில் ஓட்டுங்கள். முன்னே அரை மணி, பின்னே அரை மணி, நடுத்தர வேகத்தில். மோட்டாரில் விரல் வைத்தால் வெதுவெதுப்புக்கு மேல் சூடு இருக்கக்கூடாது. பிறகு பாடியை மாட்டி, திருகை முழுக்க இறுக்காமல் லைட் இரண்டு பக்கமும் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் கடைசிச் சுற்று இறுக்குங்கள். இறுக்கியதும் லைட் அணைந்தால் வயர் நசுங்குகிறது. ஒரு சுற்றுத் தளர்த்தி அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு மறுபடி இறுக்குங்கள்.